எம்.எஸ்சி. வேதியியல் மாணவர்களைக் கட்டற்ற மென்பொருள் பணிக்குத் தயார் செய்வது எப்படி?

தருமபுரி வேதியியல் ஆசிரியை:

வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் முதலாண்டில் 8 பேர் கட்டற்ற வேதியியல் மென்பொருளுக்குப் பங்களிக்க ஆர்வமாக இருக்கிறார்கள். அதில் 5 பேர் பெண்கள். கட்டற்ற மென்பொருளுக்கு நிரல் எழுதும் புதியவர்களுக்குக் கூகுள் உதவித்தொகை தரும் 'கூகுள் சம்மர் ஆஃப் கோட்' பற்றிக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள். மூன்று பேருக்குப் பைத்தானில் ஃபங்ஷன் எழுதும் அளவு பழக்கம் உண்டு, மற்றவர்கள் லூப் வரைக்கும்தான். ஆனால் குவாண்டம் வேதியியலும் நிறமாலையியலும் நன்றாகத் தெரியும்.

ஆய்வகத்தில் 4 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் கணினிகள் 10 இருக்கின்றன. சொந்த மடிக்கணினி 3 பேரிடம்தான் உண்டு. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், அதனால் மாலை 5 மணிக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது.

இப்போது செப்டம்பர். எந்தத் திட்டத்தைக் குறிவைக்கலாம், எந்த மென்பொருளில் தொடங்கலாம், உள்ளூர் வழிகாட்டியாக என் வேலை என்ன? முதலில் சி++ கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டுமா?

ஓசூர் நிரலர்:

மேடம், கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சி++ இப்போது வேண்டாம். அதில் ஆறு மாதம் போனால் ஆர்வமும் சேர்ந்து போய்விடும்.

மென்பொருளை அதன் மொழியையும் கணினியின் வலுவையும் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மூலக்கூறுகளை வரைந்து பார்க்கும் அவகாட்ரோ 2, சி++ மொழியிலும் க்யூட்டி என்ற திரை நூலகத்திலும் எழுதப்பட்டது. மூலக்கூறு அமைப்புகளைக் கையாளும் ஆர்டிகிட்டின் உட்பகுதி சி++, பூஸ்ட் நூலகத்தோடு. வேதியியல் கோப்பு வடிவங்களை மாற்றித் தரும் ஓப்பன் பேபலும் சி++. இவற்றை மூலநிரலிலிருந்து 4 ஜிபி கணினியில் கம்பைல் செய்தால் (இயங்கும் நிரலாக மாற்றினால்), ஒரே நேரத்தில் எட்டு வேலை ஓடும்படி விட்ட உடனே நினைவகம் தீர்ந்துவிடும்; லினக்ஸில் இயங்குதளமே கம்பைலரைக் கொன்றுவிடும். திரையில் 'கில்டு' என்ற ஒற்றைச் சொல்தான் வரும். மாணவர் தன் நிரலில் தப்பு என்று நினைத்து இரண்டு நாள் தேடுவார். ஒரு வேலை, அதிகம் போனால் இரண்டு என்று குறைத்தால் ஓடும், ஆனால் மணிக்கணக்காகும். அவகாட்ரோ 2-ஐக் கட்ட ஓப்பன் கெமிஸ்ட்ரி களஞ்சியத்தைத் துணைக் களஞ்சியங்களோடு சேர்த்துக் குளோன் செய்ய வேண்டும். அதை மறந்தால் உள்ளே கோப்புறைகள் காலியாக இருக்கும், கட்டும் வேலையை நடத்தும் சிமேக் கருவி முதல் அடியிலேயே நின்றுவிடும்.

சிசிலிப் முழுக்கப் பைத்தான், கம்பைல் செய்யும் வேலையே கிடையாது. காசியன், ஓர்கா, கேமஸ், என்டபிள்யூகெம், சை4 போன்ற நிரல்கள் கொடுக்கும் வெளியீட்டுக் கோப்பைப் படித்து, ஆற்றல், ஆயங்கள், அதிர்வெண்கள், ஆர்பிட்டல்களை ஒரே வடிவத்தில் தருவதுதான் அதன் வேலை. இதில் பைத்தான் தெரிந்தவரைவிட ஒரு ஹார்ட்ரீ-ஃபாக் வெளியீட்டைப் பார்த்து 'இந்த எண் இங்கே இருக்கக் கூடாதே' என்று சொல்லத் தெரிந்தவருக்கே மதிப்பு அதிகம். உங்கள் மாணவர்களுக்கு ஏற்ற இடம் இதுதான்.

இனி காலண்டர். கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005-இல் தொடங்கியது. 2022 முதல் மாணவர் என்ற கட்டாயம் இல்லை, 18 வயது நிரம்பிய புதியவர் யாரும் விண்ணப்பிக்கலாம். எந்தெந்த அமைப்புகள் என்ற பட்டியல் பிப்ரவரிக் கடைசியில் வரும். விண்ணப்பம் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. முடிவு மே மாதம், அதைத் தொடர்ந்து சில வாரம் அறிமுகக் காலம், ஜூன் வாக்கில் நிரல் பணி தொடங்கும். வேதியியலில் ஓப்பன் கெமிஸ்ட்ரி என்ற குடை அமைப்பு பல ஆண்டுகள் பங்கேற்றிருக்கிறது. அவகாட்ரோ, சிசிலிப், ஓப்பன் பேபல், ஆர்டிகிட் எல்லாம் அதன் கீழ் வந்தவை. ஆனால் இந்த ஆண்டு இருப்பது அடுத்த ஆண்டும் இருக்கும் என்ற உறுதி கிடையாது, பிப்ரவரிப் பட்டியலைப் பார்த்த பிறகே சொல்ல முடியும்.

பட்டியல் வந்த பிறகு தொடங்குபவருக்கு ஒரு மாதம்தான் கிடைக்கும். அந்த ஒரு மாதத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் 'ஐ ஆம் இன்ட்ரஸ்டட்' என்று எழுதுவார்கள். அக்டோபரிலேயே இரண்டு சின்னத் திருத்தங்கள் சேர்க்கப்பட்ட மாணவரின் பெயர் அப்போது மென்ட்டருக்கு (அந்த மென்பொருள் தரப்பு வழிகாட்டிக்கு) ஏற்கெனவே தெரிந்திருக்கும். இப்போது செப்டம்பர் என்று சொன்னீர்களே, அதுதான் உங்களிடம் உள்ள பெரிய வசதி.

அளவைப் பொறுத்தவரை: நடுத்தரத் திட்டம் சுமார் 175 மணி நேரம், பெரியது சுமார் 350. 12 வாரத்தில் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 15 மணி நேரம் அல்லது 29 மணி நேரம். ஜூன் நடுவில் கல்லூரி திறந்துவிடும், அதோடு ஆய்வகப் பதிவேடும் சேரும். பெரிய திட்டத்தை ஆசைக்காக எடுக்க விடாதீர்கள். சுமார் 90 மணி நேரச் சிறிய திட்டங்களும் உண்டு. முதன்முறை வருபவருக்கு அது கௌரவக் குறைச்சல் இல்லை.

பர்கூர் பக்கம்:

மேலே சொன்னதில் சிசிலிப் என்ற தேர்வை முழுமையாக ஆதரிக்கிறேன். முதல் மாதம் என்ன செய்ய வைக்கலாம் என்று எழுதுகிறேன்.

சிசிலிப்பின் சோதனைகளில் திரும்பத் திரும்ப வரும் மூலக்கூறு 1,4-டைவினைல்பென்சீன், எஸ்டிஓ-3ஜி அடிப்படைத் தொகுதியில். மாணவர் கணினியைத் தொடும் முன் தாளில் கணக்குப் போடட்டும். சி10எச்10, ஆகவே எலக்ட்ரான்கள் 10 × 6 + 10 = 70. நிரம்பிய ஆர்பிட்டல்கள் 35. கார்பனுக்கு 5 அடிப்படைச் சார்புகள், ஹைட்ரஜனுக்கு 1, ஆக மொத்தம் 60. பிறகு சோதனை நிரலைத் திறந்தால் அதே 60 கண்ணில் படும். ஹோமோவின் (நிரம்பியவற்றில் உச்ச ஆர்பிட்டலின்) எண் மட்டும் 34 என்று இருக்கும். பைத்தான் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் வரும் வேறுபாடு அது. இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்ட மாணவருக்கு அந்தச் சோதனைக் கோப்பின் பாதி புரிந்துவிடும். அன்னியமாகத் தெரிந்த நிரலுக்குள் தன் பாடம் இருப்பதைப் பார்த்ததும் பயம் போய்விடும்.

அடுத்தது, பழுது தேடல். சை4 இலவசம், கட்டற்றது. கோண்டா என்ற நிறுவல் கருவி வழியாக நிறுவி இதே மூலக்கூறை எஸ்டிஓ-3ஜியில் ஓட்டினால் சாதாரண மடிக்கணினி தாங்கும். வந்த வெளியீட்டைச் சிசிலிப்பில் படிக்கவைத்து, கையால் வாசித்த எண்களோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பொருந்தாத இடங்கள் பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது அலகு. சிசிலிப்பின் ஒன்றாம் வரிசைப் பதிப்புகள் (1.x) எஸ்சிஎஃப் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் தரும், நிரல் அச்சிடுவதோ ஹார்ட்ரீயில். 27.2114-ஆல் பெருக்கிப் பார்க்காமல் 'பிழை' என்று அறிக்கை எழுதிவிடக் கூடாது. ஆயங்கள் ஆங்ஸ்ட்ராமில் வர வேண்டும். வளையத்தில் கார்பன்-கார்பன் தூரம் 1.40 வர வேண்டிய இடத்தில் 2.65 வந்தால், போர் அலகில் இருப்பதை மாற்றாமல் எடுத்திருக்கிறது என்று அர்த்தம். இது உண்மையான பழுது, இதைப் பிடிக்க வேதியியல் கண் வேண்டும்.

இரண்டாவது, பெயர் ஒன்று, முறை வேறு. பி3எல்ஒய்பி என்ற கணக்கு முறையை ஓர்காவில் கொடுத்தாலும் காசியனில் கொடுத்தாலும் ஆற்றல் ஒன்றாக வராது. உள்ளே உள்ள விடபிள்யூஎன் தொடர்புச் சார்பு காசியனில் மூன்றாம் வகை, ஓர்காவில் ஐந்தாம் வகை. ஓர்காவில் பெயருக்குப் பின் சாய்கோடிட்டு ஜி சேர்த்தால்தான் காசியன் வகை வரும். இது தெரியாமல் பார்சர்மேல் (சிசிலிப்பில் வெளியீட்டைப் படிக்கும் பகுதிமேல்) பழி போடுவது வழக்கம்.

மூன்றாவது, பதிப்பு மாற்றம். நிரலின் புதிய பதிப்பு ஒரு தலைப்பு வரியில் இரண்டு இடைவெளி கூடுதலாக அச்சிட்டாலே போதும், அந்த வரியைத் தேடும் பார்சர் அதைத் தாண்டிப் போய்விடும். தொடக்கக்காரர் கையாலேயே சரிசெய்யக்கூடியது இந்த வகைதான். பழுதைக் காட்டும் சிறிய கோப்பு, அது தோற்கும் ஒரு சோதனை, பிறகு மூன்று வரித் திருத்தம். அந்த வரிசையிலேயே செய்ய வேண்டும். திருத்தத்தை முதலில் எழுதினால், எது சரியானது என்று பராமரிப்பாளருக்கு நிரூபிக்க வழி இருக்காது.

ஒரு எச்சரிக்கை. ஆய்வு மாணவரின் வெளியிடப்படாத கணக்குக் கோப்பை அனுமதி இல்லாமல் பொதுவில் ஏற்ற விடாதீர்கள். வெளியீட்டுக் கோப்புகளில் பயனர் பெயரும் கோப்புறைப் பாதையும் இருக்கும், அதையும் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியில் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள்: கிட்ஹப் 2021 ஆகஸ்டிலிருந்து கடவுச்சொல்லை ஏற்பதில்லை, டோக்கன் உருவாக்க வேண்டும். கல்லூரி நெட்வொர்க்கில் 22-ஆம் போர்ட் அடைபட்டிருந்தால் எஸ்எஸ்எச் வேலை செய்யாது, எச்டிடிபிஎஸ் முகவரியைப் பயன்படுத்துங்கள். ஃபோர்க்கின் (தன் கணக்கில் எடுத்த நகலின்) முதன்மைப் பிராஞ்சிலேயே மாற்றத்தைக் கமிட் செய்யாமல் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனிப் பிராஞ்ச் போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது புல் ரிக்வெஸ்ட்டில் (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) முதலாவதும் ஒட்டிக்கொண்டு வரும். விண்டோஸில் வரி முடிவுக் குறி மாறுவதாலும், எடிட்டர் தானாக நிரலை 'அழகுபடுத்துவதாலும்' மூன்று வரி மாற்றம் 900 வரி மாற்றமாகத் தெரியும். அனுப்பும் முன் மாறிய வரிகளைக் காட்டும் 'டிஃப்' பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திவிடுங்கள்.

தருமபுரி வேதியியல் ஆசிரியை:

மிக்க நன்றி. டைவினைல்பென்சீன் கணக்கை அடுத்த வாரமே வகுப்பில் வைக்கிறேன். இரண்டு சந்தேகம். நான்கு பேருக்குக் குவாண்டத்தைவிடக் கரிம வேதியியலில்தான் பிடிப்பு, அவர்களுக்கு எது? இன்னொன்று, கூகுள் திட்டத்தில் இடம் கிடைக்காவிட்டால் மனம் உடைந்துபோவார்களே.

கிருஷ்ணகிரி கட்டற்றோர்:

இரண்டாவது சந்தேகம்தான் இந்த இழையிலேயே முக்கியமானது. மேலே ஓசூர் நண்பர் காலண்டரை வைத்துப் பேசியது சரி, ஆனால் அந்தத் திட்டத்தையே இலக்காக வைத்துத் தொடங்குவதை நான் ஏற்கவில்லை. எட்டுப் பேரில் ஒருவர் தேர்வானாலே நல்ல விளைச்சல். மற்ற ஏழு பேருக்கும் கையில் ஏதாவது நிற்க வேண்டும். சேர்க்கப்பட்ட ஒரு சோதனை, ஏற்கப்பட்ட ஒரு ஆவணத் திருத்தம், இவை எந்தத் திட்டத்தின் தயவும் இல்லாமல் அவர்கள் பெயரில் பொதுவில் இருக்கும்.

நம் நாட்டுக்குள்ளேயே வழி இருக்கிறது. ஐஐடி பம்பாயின் ஃபாஸி திட்டம், மத்திய கல்வி அமைச்சின் நிதியில் நடப்பது. அதில் டிடபிள்யூசிம் என்ற, வேதி ஆலைச் செயல்முறைகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் கட்டற்ற நிரலில் ஃபுளோஷீட் (செயல்முறை வரைபடம்) செய்து பங்களிக்கலாம். வெளியான ஒரு செயல்முறையைத் தேர்ந்தெடுத்து முன்மொழிய வேண்டும், ஒப்புதல் வந்ததும் அதைக் கட்டி, சுருக்கத்தோடு சமர்ப்பிக்க வேண்டும். சரிபார்ப்பில் தேறினால் சான்றிதழும் மதிப்பூதியமும் உண்டு. கோடை ஃபெல்லோஷிப்பும் தனியாக நடத்துகிறார்கள். வேதிப் பொறியியல் மாணவர்களுக்கு அதிகம் பொருந்தும் என்றாலும் வெப்ப இயக்கவியல் தெரிந்த எம்.எஸ்சி. மாணவராலும் முடியும். அதில் பெரும்பாலும் தவறு நடப்பது ப்ராப்பர்ட்டி பேக்கேஜ் (கலவையின் பண்புகளைக் கணிக்கும் மாதிரி) தேர்வில். எத்தனால்-நீர் வாலைவடிப்புக்கு ரௌல்ட் விதியைக் கொடுத்தால் 100 சதவீதத் தூய எத்தனால் வருவதாகக் காட்டும். என்ஆர்டிஎல் மாதிரியைக் கொடுத்தால்தான் எடையில் 95.6 சதவீதம் அருகில் அசியோட்ரோப் (அதற்கு மேல் வாலைவடிப்பால் பிரியாத கலவை) நிற்கும். ஓட்டிப் பார்த்து முடிவு வந்ததே என்று அனுப்பினால் சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஸ்போக்கன் டுடோரியல் என்ற காணொளிப் பாடத் தளத்தில் ஜேமோல், ஜிகெம்பெயின்ட், அவகாட்ரோ ஆகிய மூலக்கூறு நிரல்களின் பாடங்கள் இருக்கின்றன. அங்கே தமிழ் ஒலிப்பதிவு உள்ள பாடங்களும் உண்டு. ஆங்கிலத்தில் தயங்கும் மாணவர்களுக்கு முதல் இரண்டு வாரம் அதைப் போட்டுக் காட்டுங்கள்.

கரிம வேதியியல் நான்கு பேருக்கு ஆர்டிகிட். கம்பைல் செய்ய வேண்டாம், உலாவியிலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் கோலாபில் பிப் கட்டளை வழியாக ஒரே வரியில் நிறுவலாம், 4 ஜிபி கணினியில் உலாவி மட்டும் போதும். முதல் பாடம் ஸ்மைல்ஸ், அதாவது மூலக்கூறை ஒரு வரி எழுத்தாக எழுதும் முறை. மீத்தேனை ஒற்றை 'சி' என்று கொடுத்து அணு எண்ணிக்கை கேட்டால் 1 என்று சொல்லும், ஏனென்றால் ஹைட்ரஜன்கள் மறைமுகம். ஹைட்ரஜன்களைச் சேர்க்கும் ஆட்எச்ஸ் கட்டளை கொடுத்த பிறகே 5 வரும். இதை மறந்து முப்பரிமாண அமைப்பு உருவாக்கினால் வடிவம் கோணலாக வரும். பிர்ரோலை ஐந்து அணு அரோமாட்டிக் வளையமாகச் சின்ன எழுத்து 'என்' மட்டும் போட்டு எழுதினால் 'கெகுலைஸ் செய்ய முடியவில்லை' (ஒற்றை, இரட்டைப் பிணைப்புகளாகப் பிரிக்க முடியவில்லை) என்று நின்றுவிடும். நைட்ரஜனைச் சதுர அடைப்புக்குள் ஹைட்ரஜனோடு சேர்த்து எழுத வேண்டும். பிரிடினுக்கு அது தேவையில்லை. ஏன் என்று தனி இணை எலக்ட்ரானை வைத்து விளக்கத் தெரிந்த மாணவர், அதையே ஆவணத்தில் ஒரு பத்தியாக எழுதித் தரலாம். நிரல் எழுதுபவர்களில் பலருக்கு அந்த விளக்கம் கிடைக்காத பொருள்.

நம் மாவட்டங்களுக்கே உரிய ஒரு வேலையும் சொல்கிறேன். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை வெளியிடும் ஃப்ரீக்சி என்ற திறந்த நிரலில், ஒரு கிணற்று நீரின் கால்சியம், ஃபுளோரைடு, பிஎச், காரத்தன்மை கொடுத்தால் ஃபுளோரைட் கனிமம் கரைநிறைவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று தரும். அலகு வரியை விட்டுவிட்டால் அது மில்லிமோல் என்று எடுத்துக்கொள்ளும். 1.5 மில்லிகிராம் என்று நினைத்து எழுதிய எண் 28.5 மில்லிகிராமாகக் கணக்காகும். தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் கரைதிறன் மாறிலியும் சற்று மாறும், எதைப் பயன்படுத்தினோம் என்று எழுதாத முடிவுக்கு மதிப்பில்லை. இப்படிப்பட்ட ஒரு எடுத்துக்காட்டைத் தமிழில் படிப்படியாக எழுதி வைத்தால் பக்கத்துக் கல்லூரி மாணவருக்கும் ஆகும்.

ஓசூர் நிரலர்:

கிருஷ்ணகிரி நண்பர் சொன்னதை ஏற்கிறேன். கூகுள் திட்டம் அந்த வேலையின் ஒரு கிளையாக இருக்கட்டும்.

பெண் மாணவர்கள் 5 பேர் என்று எழுதியிருந்தீர்கள். அவுட்ரீச்சி திட்டத்தையும் பாருங்கள். மென்பொருள் துறையில் குறைவாக இடம்பெறும் பிரிவினருக்கானது, ஆண்டுக்கு இரண்டு சுற்று, மூன்று மாதம், ஊதியம் உண்டு. வாரத்துக்கு 30 மணி நேரம் எதிர்பார்ப்பார்கள், அதனால் கல்லூரி நாட்காட்டியைக் கேட்பார்கள், அதை மறைக்காமல் கொடுக்க வேண்டும். வேதியியல் மென்பொருள் ஒவ்வொரு சுற்றிலும் இருக்காது. பைத்தான் அறிவியல் நூலகம் ஏதாவது இருந்தாலும் போதும்.

இனி உங்கள் வேலை. மாணவருக்கும் திட்டத்து மென்ட்டருக்கும் நடுவில் நின்று நீங்கள் பேசாதீர்கள். மின்னஞ்சலை நீங்கள் எழுதிக் கொடுத்தால் மாணவர் கடைசி வரை எழுதமாட்டார். அவர் எழுதியதை அனுப்பும் முன் ஒருமுறை படியுங்கள், அது போதும். தனி அஞ்சல் வேண்டாம், திட்டத்தின் பொது இஷ்யூ (பிழை, கேள்விப் பதிவு) பக்கத்திலோ விவாதப் பக்கத்திலோ கேட்கட்டும். 'வழிகாட்டுங்கள் சார்' என்று எழுதினால் பதில் வராது, பதில் சொல்ல அதில் கேள்வி எதுவும் இல்லையே. இயங்குதளம், பதிப்பு எண், கொடுத்த கட்டளை, எதிர்பார்த்தது, வந்தது, பிழைச் செய்தி முழுவதும் எழுத்தாக. செல்போனில் எடுத்த திரைப் படம் வேண்டாம். ஏழு நாள் பதில் இல்லாவிட்டால் அதே இடத்தில் ஒரு வரி நினைவூட்டலாம்.

நேரமும் ஒரு சிக்கல். அமெரிக்கக் கிழக்குக் கரை மென்ட்டருக்குக் கோடையில் நண்பகல் 12 என்றால் நமக்கு இரவு 9.30. பென்னாகரத்தில் வீட்டிலிருந்து பேச வேண்டியிருக்கும், போன் டேட்டா போதும், ஆனால் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஐரோப்பிய மென்ட்டர் என்றால் அவருக்கு நண்பகல் 12.30, நமக்கு மாலை 4 மணி, ஆய்வகத்திலேயே முடிந்துவிடும். மென்ட்டர் எங்கே இருக்கிறார் என்பதையும் திட்டம் தேர்ந்தெடுக்கும்போது பார்க்கச் சொல்கிறேன், இதை யாரும் யோசிப்பதில்லை.

கூகுள் திட்டத்துக்கான ப்ரொபோசல் (முன்மொழிவு) கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே வரைவைப் பொதுவில் காட்ட வேண்டும். ஒவ்வொரு வாரமும் என்ன முடியும், அதற்கு எந்தச் சோதனை, எந்த வாரம் தேர்வு என்று வெளிப்படையாக. கடைசி வாரத்தைக் காலியாக விடுங்கள், அது நிச்சயம் நிரம்பிவிடும். உரிமத்தையும் படித்திருக்க வேண்டும். அவகாட்ரோ 2 தளர்வான பிஎஸ்டி உரிமம், ஓப்பன் பேபல் தன்னோடு இணைவதையும் அதே உரிமத்தில் வெளியிடக் கேட்கும் ஜிபிஎல். அதனால்தான் அவகாட்ரோ 2, ஓப்பன் பேபலைத் தன்னோடு இணைத்துக்கொள்ளாமல் தனி நிரலாக அழைக்கிறது. 'இரண்டையும் ஒன்றாக இணைக்கிறேன்' என்று எழுதும் ப்ரொபோசல் முதல் வாசிப்பிலேயே விழும். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்பினாலும் அதே கதிதான். ஒரு குறுக்குக் கேள்விக்கு மாணவர் தடுமாறினால் நம்பிக்கை போய்விடும்.

தேர்வானால் பணம் வர வங்கிக் கணக்கு மாணவர் பெயரிலேயே இருக்க வேண்டும், அப்பா பெயரில் அல்ல. ஆதார், பான், வங்கி மூன்றிலும் பெயரின் முதலெழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஜனவரியிலேயே பார்த்துவிடுங்கள். 'எஸ். கவிதா' ஒன்றிலும் 'கவிதா எஸ்' இன்னொன்றிலும் இருந்தால் மே மாதத்தில் அலைய வேண்டியிருக்கும்.

பர்கூர் பக்கம்:

பஸ் விஷயத்துக்கு ஒரு யோசனை. எட்டுப் பேருக்கும் ஒரே கூட்டம் வேண்டாம். இரண்டிரண்டு பேராக நான்கு ஜோடி. சொந்த மடிக்கணினி உள்ள மூவரை மூன்று ஜோடிகளில் போடுங்கள், நான்காவது ஜோடிக்கு ஆய்வகக் கணினியில் கோலாப். வாரம் ஒருமுறை ஜோடிக்கு 20 நிமிடம், மதிய இடைவேளையில். மூன்று கேள்வி மட்டும்: என்ன ஓடியது, எது நின்றது, பொதுவில் என்ன எழுதினாய். மூன்றாவதற்கு இரண்டு வாரம் தொடர்ந்து பதில் இல்லாவிட்டால் அந்த ஜோடி சிக்கிக்கொண்டிருக்கிறது, வாயால் சொல்லாவிட்டாலும்.

பஸ்ஸில் வரும் நேரத்தில் போனிலேயே செய்ய ஒரு வேலை உண்டு. திறந்திருக்கும் இஷ்யூக்களைப் படித்து, பழைய பிழை அறிக்கை இன்றைய பதிப்பிலும் வருகிறதா என்று சோதிக்க வேண்டியவற்றைக் குறித்து வைப்பது. ஆய்வகத்தில் உட்கார்ந்ததும் அதை ஓட்டிப் பார்த்து, 'இந்தப் பதிப்பில் இன்னும் வருகிறது' அல்லது 'இப்போது வரவில்லை' என்று பதிப்பு எண்ணோடு ஒரு வரி எழுதினால், பராமரிப்பாளருக்கு அது பெரிய உதவி. முதல் பங்களிப்பு அதுவாகவே இருக்கலாம்.